பி.டி. பீரியடைக் கடன் கேட்காதீர்கள்!

(மூன்றாமாண்டு மாணவி, அமைப்பியல் துறை)



இந்த ஆண்டு மலர் கைக்கு வந்ததும் நீங்கள் முதலில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். படம் போட்ட பக்கத்தைத்தான்! அதிலும் விளையாட்டு அணிகளின் படம். நடுவில் முதல்வர், இரு பக்கமும் துறைத்தலைவர்கள், பின்னால் கைகட்டி நிற்கும் நம் வீரர்கள், முன்னால் மேசை மேல் கோப்பை. பார்க்கும்போது நமக்கே பெருமையாகத்தான் இருக்கிறது. கபடி அணிக்கும் வாலிபால் அணிக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகளைச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தப் படங்களில் உள்ள தலைகளை எண்ணிப் பாருங்கள். நாற்பது தேறுமா? மீதிப் பேரெல்லாம் எங்கே?

மீதி நாம் எல்லோரும் பார்வையாளர்கள். விளையாட்டு விழா அன்று வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து, தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, பொட்டலச் சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு வீடு போய்ச் சேர்ந்தவர்கள். நம்மில் பல பேருக்கு அன்றைக்கு நடந்த ஒரே ஓட்டம், பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஓட்டம்தான்!

பள்ளிக்கூடத்துச் சத்துணவை முதல் மூன்று ரேங்க் எடுத்தவர்களுக்கு மட்டும்தான் போடுவோம் என்று யாராவது சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? சண்டைக்கு வந்துவிடும். ஆனால் விளையாட்டில் மட்டும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். நன்றாக ஓடுகிறவனைப் பொறுக்கி எடுத்து மேலும் ஓட வைக்கிறோம். ஓட முடியாதவனை, ஓடத் தயங்குகிறவளை, "நீ அப்படி ஓரமா உட்காரு" என்கிறோம். சாப்பிட்டவனுக்கே இன்னொரு கரண்டி, பசித்தவனுக்கு வேடிக்கை! விளையாட்டு என்பது திறமைக்குக் கொடுக்கும் பரிசு இல்லை, வளரும் வயதில் எல்லோருக்கும் கிடைக்க வேண்டிய சோறு. இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தேன்.

நூற்றுக்கு எண்பத்தொரு பேர்

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் சராசரியாக நாள் ஒன்றுக்குக் குறைந்தது 60 நிமிடமாவது மூச்சு வாங்க, வியர்க்க வியர்க்க உடம்பை இயக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது தசையும் எலும்பும் உறுதிப்படும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்கிறது. பதினெட்டைத் தொட்ட நம்மைப் போன்றவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம். விளையாட்டுத்தான் என்றில்லை. வேகமாக நடந்தாலும் சைக்கிள் மிதித்தாலும் கணக்கில் சேரும்.

இந்த ஒரு மணி நேரக் கணக்கில் எத்தனை பேர் பாஸ்? 146 நாடுகளில் பள்ளிக்குப் போகும் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளைப் பற்றிய 2016-ஆம் ஆண்டுக் கணக்கு 2019-ல் வெளிவந்தது. நூற்றுக்கு 81 பேர் ஃபெயில்! ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85. டிப்ளமோவில் இப்படி ஒரு பேப்பரில் ரிசல்ட் வந்தால் மாணவர்களையா திட்டுவோம்? "பேப்பர் கஷ்டமா, இல்லை பாடமே நடத்தலையா?" என்றுதானே கேட்போம்!

ஆனால் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பதில் தயாராக இருக்கும். "எல்லாம் இந்த செல்போனால வந்தது. எங்க காலத்துல..." என்று ஆரம்பித்துவிடுவார்கள். செல்போன் யோக்கியம் என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அதே ஆய்வில் 2001-ஆம் ஆண்டின் கணக்கும் இருக்கிறது. அப்போதே ஆண் பிள்ளைகளில் 80 பேர், பெண் பிள்ளைகளில் 85 பேர் ஃபெயில்தான். 2001-ல் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை கையில் இன்றைய டச் போன் இருந்தது? ஆகவே போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினால் பிள்ளை தானாக மைதானத்துக்கு ஓடிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஓடுவதற்கு ஒரு இடம் வேண்டும், ஒரு நேரம் வேண்டும், "போய் விளையாடு" என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில்தான் போன் வந்து உட்காருகிறது.

கியூரிங் நாட்கள்

அமைப்பியல் மாணவி என்பதால் எங்கள் துறைப் பாஷையில் ஒன்று சொல்கிறேன். கான்கிரீட் போட்டபின் குறைந்தது ஏழு நாளாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஐ.எஸ். 456 சொல்லும் விதி. என் அப்பா கொத்தனார். அவர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் நனைத்த சாக்கை எடுத்துப் போர்த்திவிட்டு, "ஒரு வாரத்துக்கு இதுதான் புள்ளைக்குப் பாலு, மறந்துடாதீங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வருவார். அந்த வாரத்தில் விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து லாரி லாரியாகத் தண்ணீர் ஊற்றினாலும் போன பலம் முழுசாகத் திரும்பாது.

பதின்வயது என்பது மனித உடம்பின் கியூரிங் நாட்கள். எலும்பில் சேர வேண்டிய உறுதியின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. இதயமும் நுரையீரலும் பழகும் வயது இதுதான். ஓடியாடும் பிள்ளைகளுக்கு உடம்பு மட்டும் இல்லை, படிப்பும் மனநிலையும் நன்றாக இருக்கின்றன என்று மேலே சொன்ன அதே வழிகாட்டுதல் கூறுகிறது. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பார்கள். ஐந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் பதினைந்து என்று ஒரு வயசு இருக்கிறதே, அதைப் பழமொழி விட்டுவிட்டது. பள்ளிக்கூடமும் விட்டுவிட்டது!

விட்டதன் விலை என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். நூறு பெரியவர்களில் 11 பேர். சர்க்கரைக்குப் பல காரணம் உண்டு, உடம்பை அசைக்காதது அதில் முக்கியமான ஒன்று. நோய் வந்தபின் டாக்டர் சொல்லி நாற்பத்தைந்து வயதில் கான்வாஸ் ஷூ மாட்டி நடப்பதைவிட, பதினைந்து வயதில் சும்மா சிரித்துக்கொண்டே ஓடுவது மலிவு இல்லையா?

உட்காருவதே பெருமை

இனி கொஞ்சம் வீட்டு விஷயம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான்தான். அப்பா கொத்தனார் என்றேன், அம்மா சித்தாள். அம்மா எனக்காக வேண்டிக்கொள்வது ஒன்றே ஒன்று. "எம் புள்ள வெயில்ல நிக்காம, ஃபேன் காத்துல உக்காந்து பாக்குற வேலைக்குப் போகணும்." நீங்களும் உங்கள் வீட்டில் இதைக் கேட்டிருப்பீர்கள். இந்த மலரைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் என்னைப் போல வீட்டுக்கு முதல் பட்டயம்தானே!

எங்களைப் போன்ற வீடுகளில் உட்காருவது சோம்பல் இல்லை, அது வெற்றி. தலைமுறை தலைமுறையாக நின்றும் குனிந்தும் சுமந்தும் வாழ்ந்த குடும்பத்தில் ஒருத்தி நாற்காலியில் உட்காருகிறாள் என்றால் அது சாதாரண விஷயமா? அந்தப் பிள்ளை சாயங்காலம் வேர்த்து விறுவிறுத்து, முழங்காலில் மண்ணோடு வந்து நின்றால் பெற்றவர்களுக்குப் பொறுக்காது. "இப்படி வேர்வை சிந்துறதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?" உடற்பயிற்சியைப் பற்றி மேடையில் பேசுகிற பெரிய மனிதர்கள் இந்தக் கேள்வியை ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், நம் பெற்றோர்களை 'விழிப்புணர்வு இல்லாதவர்கள்' என்று அவ்வளவு லேசாகச் சொல்ல மாட்டார்கள்.

அம்மாவுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். நீ செங்கல் சுமப்பதும் நான் ஓடுவதும் ஒன்று இல்லை அம்மா. உனக்குக் காய்ச்சல் வந்தாலும் தட்டு தலைக்கு ஏறியாக வேண்டும். எனக்குக் களைத்தால் நின்றுவிடலாம். நீ காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே மாதிரி குனிகிறாய், ஒரே மாதிரி தூக்குகிறாய். மூட்டு தேய்கிறது, இடுப்பு போகிறது. விளையாட்டில் குனிவதும் உண்டு, குதிப்பதும் உண்டு, ஓய்வும் உண்டு, சிரிப்பும் உண்டு. வேலை உன் உடம்பை எடுத்துக்கொள்கிறது, விளையாட்டு என் உடம்பைக் கொடுக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மாதப் பணம் கட்டி நீச்சல் உண்டு, ஷட்டில் கோர்ட் உண்டு, ஜிம் உண்டு. அப்பா அம்மாவுக்கு வேலையே அசைவு. நடுவில் நமக்கு? அப்பாவின் கரணையும் கையில் இல்லை, பணக்காரப் பிள்ளையின் பேட்டும் கையில் இல்லை. நாளைக்கு வேலைக்குப் போனால் ஆட்டோகேட் திரை முன்னால் எட்டு மணி நேரம். நமக்கு என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடத்து பி.டி. பீரியடு!

திரும்பி வராத கடன்

அந்த பீரியடின் கதையைக் கேளுங்கள்.

உடற்கல்வி என்பதைக் கற்றுக்கொடுக்க ஆசிரியர்களுக்கே தனிப் பயிற்சி வேண்டும் என்று 1920-லேயே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். ஆசியாவின் பழைய உடற்கல்விக் கல்லூரிகளில் ஒன்று அது. நூறு வருடத்துக்கு முன்னே இந்த ஊரில் அவ்வளவு மதிப்பு! இன்று பி.டி. சார் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? பிரேயரில் விசில் ஊதுபவர். லேட்டாக வருகிறவனைக் கேட்டில் பிடிப்பவர். ஆண்டு விழாவுக்கு நாற்காலி போட வைப்பவர். சொல்லிக்கொடுக்க அவர் படித்த படிப்பு ஒரு பக்கம், அவரிடம் நாம் வாங்கும் வேலை ஒரு பக்கம்.

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு ஆசிரியர் வந்து, "சார், போர்ஷன் முடியல, இந்த ஒரு பீரியடு மட்டும் கொடுங்க" என்பார். பத்தாம் வகுப்பில் கேட்பதே இல்லை. நேராக வந்து சாக்பீஸை எடுத்துவிடுவார்கள். கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது உலக வழக்கம். எந்தக் கணக்கு ஆசிரியராவது வாங்கிய பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் உண்டா? வட்டியும் இல்லை, முதலும் இல்லை! ஆசிரியர்களைக் குறை சொல்லி நான் இதை எழுதவில்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் அவர்களுக்கு மேலேயிருந்து கேள்வி வருகிறது. பிள்ளைகளுக்கு மூச்சு வாங்குவது பற்றி மேலேயிருந்து ஒருவரும் கேட்பதில்லை. கேட்கிற கேள்விக்குத்தானே பதில் தயாராகும்?

"பீரியடு போனால் என்ன, சாயங்காலம் விளையாடிக்கொள்ள வேண்டியதுதானே?" என்பார்கள். நல்ல யோசனை. விடுதியில் இருப்பவனுக்கு! எங்கள் ஊருக்குச் சாயங்காலம் ஒரு டவுன் பஸ். அதை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகு. வீட்டுக்குப் போனால் தண்ணீர் பிடிக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், தம்பிக்குப் பாடம் சொல்ல வேண்டும். பஸ்ஸில் வருகிற பிள்ளைக்கும், வீட்டு வேலை காத்திருக்கிற பெண் பிள்ளைக்கும் மணி அடித்த பிறகு நேரம் என்பதே கிடையாது. அவர்களுக்கு விளையாட்டு இருந்தால் கால அட்டவணைக்குள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கேயும் இல்லை. ஆகவே அந்த ஒரு பீரியடை எடுக்கும்போது எல்லோரிடமிருந்தும் சமமாக எடுக்கவில்லை. இல்லாதவர்களிடமிருந்துதான் எடுக்கிறார்கள்.

ஓடக் கூடாத கால்கள்

ஏழாம் வகுப்பில் நான் கோ-கோ ஆடினேன். செருப்பைக் கழற்றி மரத்தடியில் போட்டுவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினால் பையன்களாலேயே தொட முடியாது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளியை மூடினார்கள். 2021-ல் திரும்பிப் போனபோது நான் ஒன்பதாம் வகுப்பு, வயசுக்கு வந்த பெண். மைதானம் அங்கேயேதான் இருந்தது. ஆனால் எங்கள் வகுப்பில் ஒரு பெண்கூட அதில் இறங்கவில்லை. "வேண்டாம்" என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள், நாங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து ரெக்கார்டு எழுதினோம். அவ்வளவுதான், முடிந்தது!

மேலே சொன்ன உலகக் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தியா, வங்கதேசம் இரண்டிலும் பெண் பிள்ளைகளின் நிலை மற்ற பல நாடுகளைவிடக் கொஞ்சம் மேல். காரணம் வீட்டு வேலையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. குடம் தூக்குவதும் வீடு கூட்டுவதும் உடற்பயிற்சிக் கணக்கில் சேர்ந்துவிட்டதாம்! அப்புறம் யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

இங்கே கல்லூரியில் நான் கவனித்த ஒன்றையும் சொல்கிறேன். சர்வே பிராக்டிகலில் நாங்கள் செயினும் ஸ்டாஃபும் தூக்கிக்கொண்டு மைதானம் முழுக்க வெயிலில் நடக்கிறோம். ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. ஏனென்றால் அது படிப்பு. அதே நாங்கள், அதே மைதானத்தில், அதே உடையில் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் வராந்தாவிலிருந்து விசில் வருகிறது. கால் அதேதான் தோழர்களே. பார்க்கிற கண்தான் மாறுகிறது.

இன்னொரு விஷயம். "இந்தப் பொண்ணுங்க நாலு அடி ஓடினா மூச்சு வாங்குது" என்று கேலி செய்கிறீர்கள். 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. மூச்சு வாங்குவது சோம்பேறித்தனத்தால் இல்லை, ரத்தம் இல்லாததால். முருங்கைக்கீரையும், பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும், மைதானமும் மூன்றும் சேர்ந்தேதான் வர வேண்டும். மாதவிலக்கு நாட்களில் ஆடினால் உடம்புக்குக் கெடுதல் என்பதும் பழைய பயம்தான். முடிந்தால் ஆடலாம், முடியாவிட்டால் உட்காரலாம். அதை முடிவு செய்ய வேண்டியவள் அந்தப் பெண்.

அப்பத்தாவின் சைக்கிள்

"ஊர் ஒத்துக்கொள்ளாது" என்று சொல்கிறவர்களுக்கு எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். ஆயிரக்கணக்கான பெண்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் குவாரியில் உடைக்கிறவர்கள், சைக்கிள் ஏறினார்கள். கேலி இல்லாமலா இருந்தது? இருந்தது. ஆனால் ஒருத்தி ஏறினால் கேலி, ஊரே ஏறினால்?

எங்கள் அப்பத்தா அப்போது முப்பதைத் தாண்டியவர். கையெழுத்துப் போடக் கற்றதும் சைக்கிள் விடக் கற்றதும் ஒரே வருஷத்தில் என்பார். "மொத நாளு விழுந்தேன், சிரிச்சாங்க. ரெண்டாம் நாளு சிரிச்சவளும் வந்து விழுந்தா!" என்பார். உடம்பை அசைப்பது பற்றி ஊருக்குப் பாடம் நடத்தியதாக அறிவொளித் தொண்டர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அதுதான் நடந்தது. தனித்தனியாக அறிவுரை சொல்லவில்லை. இடம் கொடுத்தார்கள், நேரம் கொடுத்தார்கள், கூட்டமாக இறக்கினார்கள். இளைஞர்களை இயங்க வைக்கவும் அதே மூன்றுதான் வேண்டும்.

இன்றைய உதாரணமும் உண்டு. சென்னையில் குடிசைகளை இழந்தவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். அங்கே கபடி ஆடி வளர்ந்தவர் கார்த்திகா. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத்தலைவி அவர். எல்லோரும் பதக்கத்தைப் பார்த்தோம். ஒரு குடியிருப்பில் பெண் பிள்ளைகள் கூடி ஆடப் பழகியதால்தான் அதிலிருந்து ஒரு கார்த்திகா வந்தார். பதக்கம் காய், கூடி ஆடுவதுதான் வேர். நாமோ காயை மட்டும் போட்டோ எடுக்கிறோம்.

பூட்டும் சாவியும்

பள்ளி என்றால் விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. ஓட்டம் நிற்க ஆரம்பிக்கும் வயதும் அதுதான்! ஊர்ப்புறத்தில் 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகத்தோடு விளையாட்டு இடமும் அமைத்தார்கள். 2024-ல் ஊராட்சிகளுக்கு விளையாட்டுப் பொருட்கள் கொடுக்கும் திட்டமும் வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் மைதானத்தில் சீமைக்கருவேலம் முளைத்து, பந்தும் வலையும் அறைக்குள் இருந்தால் யாருக்கு லாபம்? சாயங்காலம் பள்ளி கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். உள்ளே மைதானம் சும்மா கிடக்கிறது, வெளியே பிள்ளைகள் ரோட்டில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி ஆடுகிறார்கள். இதற்குப் புதிதாக நிதி வேண்டாம். ஒரு சாவியும், பொறுப்பாக ஒரு ஆளும் போதும்.

இதை யாரிடம் கேட்பது? நம்மிடமே வழி இருக்கிறது. பதினெட்டு வயது முடிந்து வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் நாமும் கிராம சபையின் உறுப்பினர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கூட்டம் கூடுகிறது. ரோடும் தெருவிளக்கும் கேட்கிற இடத்தில், "மாலை ஐந்து முதல் ஆறரை வரை பள்ளி மைதானத்தைத் திறந்துவிடுங்கள், வாரத்தில் மூன்று நாள் பெண் பிள்ளைகளுக்கு" என்று எழுந்து கேட்போம். தீர்மானத்தில் எழுதச் சொல்வோம்.

நாம் என்ன செய்யலாம்?

பேசுவது மட்டும் என்றால் நாம் பாலிடெக்னிக்கில் படிக்க வேண்டியதில்லை. கை வேலை தெரிந்தவர்கள் நாம்!

அமைப்பியல்காரர்களே, ஒரு டேப், நான்கு முளை, கயிறு, சுண்ணாம்புப் பொடி. கபடிக் களம் ஆண்களுக்கு 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8. மூலைக்கு 3-4-5 பிடியுங்கள். பிறகு மூலைவிட்டம் அளந்து பாருங்கள்: 13-க்கு 10-ல் 16.40 மீட்டர், 12-க்கு 8-ல் 14.42 மீட்டர் வந்தால் களம் சரி. வாலிபால் களம் 18-க்கு 9, மூலைவிட்டம் 20.12. அரை நாள் வேலை!

மெக்கானிக்கல்காரர்களே, வாலிபால் கம்பம் தரைக்கு மேல் 2.55 மீட்டர் நிற்க வேண்டும். ஆண்களுக்கு 2.43 மீட்டர் உயரத்திலும் பெண்களுக்கு 2.24-லும் வலை கட்ட இரண்டு கொக்கி வையுங்கள். வெல்டிங் ஷாப்பில் கிடக்கும் மிச்சப் பைப்பே போதும். மின்னியல்காரர்களே, மாலை இருட்டுக்கு ஒரு விளக்கு உங்கள் பொறுப்பு.

நாட்டு நலப்பணித் திட்டத்துத் தோழர்களே, ஏழு நாள் முகாமில் கோயில் வளாகம் கூட்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம். இந்த முறை தத்தெடுத்த கிராமத்தில் ஒரு களமும் போட்டுவிட்டு, அந்த ஊர்ப் பிள்ளைகளோடு ஒரு ஆட்டமும் ஆடிவிட்டு வருவோம்.

கிரிக்கெட் ரசிகர்கள் கோபிக்கக் கூடாது. நாற்பது நிமிட பீரியடில் கிரிக்கெட் ஆடினால் ஒருவன் போடுகிறான், ஒருவன் அடிக்கிறான், மீதிப் பேர் நிற்கிறார்கள். அதே நேரத்தில் இரண்டு கபடிக் களத்தில் 28 பேர், ஒரு வாலிபாலில் 12 பேர், ஒரு கோ-கோவில் 12 பேர் என்று 52 பேர் வியர்க்கலாம். மிச்சம் எட்டுப் பேருக்கு நான்கு ஸ்கிப்பிங் கயிறு போதும். அறுபது பேர் வகுப்பில் ஒருவரும் உட்கார வேண்டியதில்லை! கணக்குப் பாடமும் நடந்துவிட்டது பாருங்கள்!

கல்லூரி நிர்வாகத்திடமும் பேரவையிடமும் பணிவோடு கேட்பது மூன்றே மூன்று. நம் கால அட்டவணையில் உள்ள உடற்கல்வி நேரத்தை எந்தப் பாடத்துக்கும் கொடுக்க வேண்டாம். அந்த நேரத்தில் அணியில் உள்ளவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், தங்கள் பயிற்சியை மாலையில் வைத்துக்கொள்ளட்டும். மாணவிகளுக்கு உடை மாற்ற ஒரு அறையும், வராந்தாவிலிருந்து விசில் வராத ஒரு மணி நேரமும் வேண்டும்.

நான் இறுதியாண்டு. இந்த மலர் உங்கள் கையில் வரும்போது எனக்கு இங்கே சில வாரங்களே மிச்சம். போவதற்குள் நூலகத்துக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் 12-க்கு 8-ல் ஒரு களம் போட்டுவிட்டுப் போவதாக எங்கள் வகுப்பு மாணவிகள் முடிவு செய்திருக்கிறோம். தங்கைகளே, முதல் நாள் நாலு பேர் சிரிப்பார்கள், அதற்குத் தயாராக வாருங்கள். தம்பிகளே, சிரிக்க வேண்டுமானால் நீங்களும் களத்தில் இறங்கிச் சிரியுங்கள். மழை வந்தால் சுண்ணாம்புக் கோடு அழிந்துவிடும். அழிந்தால் மறுபடி போடுங்கள்; அளவுகளை மேலே எழுதியிருக்கிறேன்.